அப்பாவின் மீசைக் கோடு

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது 2021 நவம்பரில். மூளையின் இடது பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு, வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் படுத்துவிட்டன. ஆஸ்பத்திரியில் பதினாறு நாள். வீட்டுக்கு வந்த மறுநாள் இடது கையை மெதுவாகத் தூக்கி, மேலுதட்டைத் தடவிக் காட்டி என்னைப் பார்த்தார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து டம்ளரை நீட்டினேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் அதே இடத்தைத் தடவினார். அம்மாவுக்குத்தான் புரிந்தது. "மீசையக் கேக்குறாருடி."

அப்பாவின் மீசை எம்.ஜி.ஆர்., ஜெமினி கணேசன் காலத்துப் பென்சில் மீசை. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே எறும்பு வரிசை போல மெல்லிய கோடு. கல்யாணப் போட்டோவில் அதே கோடு, டிப்போவில் டைம் கீப்பராக இருந்தபோது எடுத்த அடையாள அட்டையிலும் அதே கோடு. தினமும் காலையில் ரேடியோ செய்தி முடிவதற்குள் அதைச் சரிசெய்துவிடுவார். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் முகமெல்லாம் வெள்ளை முள்ளாகத் தாடி வளர்ந்து, கோடு இருந்த இடமே தெரியாமல் போயிருந்தது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது நர்ஸ் சொன்ன முதல் விஷயம், ரேசர் வேண்டாம் என்பது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டுமே ரத்தம் கட்டிக்கொள்வதைத் தடுக்கும் மாத்திரைகள். சின்னக் கீறல்கூட நிற்க நேரம் எடுக்கும். "மெஷின் வச்சே பண்ணுங்க" என்றார். சரி, மெஷின்தானே என்று நினைத்தேன். முகத்துக்கு மெஷின் பிடிப்பது தனி வேலை என்பதை அடுத்த நான்கு மாதத்தில்தான் கற்றுக்கொண்டேன். எங்களைப் போல வீட்டில் ஒருவருக்கு இதைச் செய்ய வேண்டியவர்கள் நிறைய இருப்பீர்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தம்பியின் தாடி ட்ரிம்மரை எடுத்துக்கொண்டேன். தாடியைக் குறைக்க அது போதும், கோடு போட ஆகவில்லை. அதன் தலை அகலமாக இருப்பதால் பற்கள் எங்கே படுகின்றன என்பதை அந்தத் தலையே மறைத்துவிடும். மூன்றாவது முறை மீசையின் இடது பாதி தீக்குச்சி அகலத்துக்குப் போய்விட்டது. அப்பா கண்ணாடியைப் பார்த்தார், ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. எனக்குத்தான் அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் முடி வளரும், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று தெரிந்தாலும் மனசு கேட்கவில்லை.

அப்பாவுக்கு முப்பது வருஷமாக முடி வெட்டிய சலூன்காரர் எங்கள் தெரு முனையில்தான் இருக்கிறார். மூட்டுவலியால் மாடி ஏற முடியாது. ஆனாலும் விஷயத்தைக் கேட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறி வந்துவிட்டார். அப்பாவுக்கு மீசையைச் சீர்செய்து, பக்கத்தில் நிற்கவைத்து எனக்கும் சொல்லிக் கொடுத்தார். அவர் கொண்டுவந்த மெஷின் ஒல்லியாக, கை நிறையாத அளவில் இருந்தது. நுனியில் ஆங்கில 'T' எழுத்து மாதிரி பிளேடு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. ஓரம் போடுவதற்கென்றே செய்தது. பிளேடு உடம்பைவிட வெளியே நீட்டியிருப்பதால் எந்தப் பல் எந்த முடியைத் தொடுகிறது என்று மேலிருந்தே பார்க்கலாம். நானும் அதே மாதிரி ஒன்று வாங்கினேன்.

இந்த மெஷின் எப்படி வெட்டுகிறது என்பதை அவர் டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அது புரிந்த பிறகுதான் என் கை பயம் விட்டது. இரண்டு தகடுகள், இரண்டிலும் சீப்பு மாதிரிப் பற்கள். கீழ்த்தகடு அசையாது, தோலில் படுவது அதுதான். மேல்தகடு பக்கவாட்டில் போய்வருகிறது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நேரடியாக ஓடும் பழைய காந்த மெஷின் நிமிடத்துக்கு 6,000 முறை வெட்டும், அதாவது நொடிக்கு நூறு. பேட்டரியில் ஓடுவதும் வேகத்தில் அதற்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. பற்களின் இடுக்கில் முடி நுழைந்தால் கத்தரிபடுகிறது. அதே இடுக்கில் தோல் பிதுங்கி நுழைந்தால் அதுவும் கத்தரிபடும். தோல் பிதுங்க இரண்டே காரணங்கள்தான்: மெஷினை அழுத்துவது, இல்லையென்றால் தோலைத் தளர விடுவது. "மெஷின் பிடிக்கிற கையப் பாக்காதம்மா, தோலப் பிடிக்கிற கையப் பாரு" என்றார். எனக்குக் கிடைத்த பாடங்களில் பெரியது இதுதான்.

கோடு போடும்போது ஆபத்து ஒரு படி அதிகம். சாதாரணமாக முடி குறைக்கையில் மெஷின் தோலின் மேல் படுத்தபடி போகும். கோட்டுக்கு அதைத் திருப்பி, பற்களின் நுனி தோலைப் பார்த்து நிற்கும்படி நிறுத்த வேண்டியிருக்கிறது. அப்போது தோலைத் தொடுவது நுனி மட்டும்தான். அந்த 'T' பிளேடின் இரண்டு மூலைகளும் கூர்மை. அதனால் தோலில் வைத்து இழுக்கக் கூடாது, தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். பென்சில் பிடிப்பது போல மூன்று விரலில் பிடித்து, சுண்டுவிரலை அப்பாவின் தாடையில் ஊன்றிக்கொள்வேன். அவர் தலையை அசைத்தால் என் கையும் சேர்ந்தே அசையும். அந்தரத்தில் நிற்கும் கைதான் குத்திவிடும்.

அடுத்து, எந்த முடியை வைத்துக்கொள்ளப் போகிறோமோ அதிலிருந்து விலகித்தான் மெஷின் போக வேண்டும். மீசையின் மேல் ஓரம் என்றால் கோட்டில் வைத்து மூக்கைப் பார்க்க எடுப்பேன். கீழ் ஓரம் என்றால் உதட்டைப் பார்க்க. மீசையை நோக்கி ஒருநாளும் போவதில்லை. இப்படி விலகிப் போனால், கை வழுக்கினாலும் வெட்டவேண்டிய முடிதான் போகும்.

அப்பாவின் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருந்தது. வலது பக்க வாய் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. மீசையை உதட்டை ஒட்டியே வெட்டிக்கொண்டு போனால், உதடு சரிந்திருப்பதால் மீசையும் சரிந்துவிடும். முதல் மாதம் முழுக்க நான் செய்த தவறு அதுதான். என்ன கவனமாகச் செய்தாலும் முகம் கோணலாகவே தெரிந்தது. பிறகுதான் உதட்டை விட்டுவிட்டு மூக்கைக் கணக்கு வைத்துக்கொண்டேன். இரண்டு நாசித்துளைகளின் அடிவிளிம்பிலிருந்தும் ஒரே இடைவெளி விட்டு, என் ஐப்ரோ பென்சிலால் மெல்லக் கோடு போட்டேன். பிறகு இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தேன். பென்சில் கோடு பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிட்டு மறுபடி போடலாமே. வெள்ளை மீசையில் மெஷின் எங்கே போயிற்று என்று கண்ணுக்குத் தெரியாது, கறுப்புப் பென்சில் கோடு அதையும் காட்டிக்கொடுக்கும். கோட்டுக்கு வெளியே இருப்பதை மட்டும் எடுப்பேன். கடைசியில் ஈரத்துணியால் கோட்டைத் துடைத்தால், வலது பக்கம் உதடு இறங்கியிருந்தாலும் மீசை நேராக நிற்கும். முகமே நிமிர்ந்தது மாதிரி இருக்கும்.

அந்தப் பக்கக் கன்னத்தில் பிடிமானம் இல்லாததால் தோல் தொளதொளவென்று இருக்கும். நாம் ஷேவ் செய்யும்போது கன்னத்தை உப்பிக்கொள்கிறோமே, அவரால் அது முடியாது. ஒரு காய்ந்த பருத்தித் துணியை விரலில் சுற்றி, வாயின் ஓரத்துக்குச் சற்று வெளியே வைத்துக் காது பக்கமாக மெல்ல இழுத்துப் பிடிப்பேன். வெறும் விரல் எண்ணெயிலும் வேர்வையிலும் நழுவும், துணி நழுவாது. இப்படி இழுப்பதற்கு முன்னால் வாயைக் கொப்பளிக்க வைத்து வலது கன்னத்தின் உள்பக்கத்தைப் பார்த்துவிடுவேன். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சோற்றுப் பருக்கை அந்த இடுக்கில் தங்கிவிடும், அவர்களுக்கே தெரியாது. கன்னத்தை இழுக்கும்போது அது தொண்டைக்குப் போய்ப் புரையேறிவிட்டால் பெரிய தொந்தரவு. வெட்டிய முடித் துணுக்கும் அப்படித்தான். மீசை செய்யும்போது உதட்டின் மேல் நனைத்துப் பிழிந்த பஞ்சை வைத்துவிடுவேன், துணுக்கெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். படுக்கையில் வைத்துச் செய்வதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, பிடரிக்குப் பின்னால் சுருட்டிய துண்டு வைத்துத்தான். சக்கர நாற்காலி என்றால் பிரேக் போட்டாயிற்றா என்று இரண்டு தடவை பார்க்கவும்.

வலது பக்கத்தில் உணர்ச்சியும் குறைவு. சுட்டாலும் கடித்தாலும் அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல வராது. அதனால் அவருக்குப் பதிலாக என் தோல்தான் பரீட்சை எழுதுகிறது. ஒவ்வொரு முறையும் ஆரம்பிக்கும் முன் ஓடுகிற மெஷினை என் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். குத்துகிறதா, உரசுகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மறுபடி அதே இடத்தில் வைத்துச் சூடு பார்ப்பேன். தகடும் தகடும் உரசியே சூடாகும், எண்ணெய் காய்ந்திருந்தால் சீக்கிரமே சூடாகும். எனக்கு இதமாக இல்லாதது அவர் முகத்தில் படக் கூடாது.

இந்த வழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2022 ஏப்ரலில் ஒருநாள் மெஷின் ஸ்டூலிலிருந்து மொசைக் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன், ஓடியது, விரிசல் எதுவும் இல்லை. அடுத்த வாரம் இடது காதுக்குப் பின்னால் ஓரம் எடுக்கும்போது அப்பா வெடுக்கென்று தலையை இழுத்தார். காது மடலும் மண்டையும் சேரும் மடிப்பில் எலி பிறாண்டியது போல மூன்று கோடுகள், அவற்றில் சிவப்பாக ரத்தம். சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடித்தேன். நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தது என் அவசரம், கட்டத் தொடங்கியிருந்தது அதனால் மறுபடி பிரிந்துவிட்டது. பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து எடுக்காமல் அழுத்த வேண்டும் என்பதை அன்று டாக்டருக்குப் போன் செய்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்படி அழுத்தியும் நிற்காவிட்டால் நேரே கூட்டி வரச் சொன்னார். இந்தப் பயத்தில் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்பதையும் அழுத்திச் சொன்னார். அப்பா என் கையை இடது கையால் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மெஷினைச் சலூன்காரரிடம் எடுத்துப் போனேன். பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். விழுந்த வேகத்தில் மேல்தகடு ஒரு மயிரிழை முன்னால் நகர்ந்து, ஒரு பக்கம் கீழ்த்தகட்டைத் தாண்டி நின்றிருந்தது. மேல்தகட்டின் பல் நுனி எப்போதும் கீழ்த்தகட்டின் நுனிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கீழ்த்தகடுதான் தோலுக்குக் காவல். கடைகளில் 'ஜீரோ கேப்' என்று இரண்டு நுனிகளையும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறார்கள். மழுமழுவென்று ஓரம் கிடைக்கும், அது தேர்ந்த கைக்குச் சரி. வயதானவரின் மெல்லிய தோலுக்கும், ரத்தம் நிற்காத உடம்புக்கும், என்னைப் போல வீட்டில் கற்றுக்கொண்ட கைக்கும் அது கூடவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அவர் ஸ்க்ரூவைத் தளர்த்தி மேல்தகட்டைப் பின்னால் தள்ளி, வெளிச்சத்தில் பார்த்து மறுபடி முறுக்கிக் கொடுத்தார். இப்போது ஒவ்வொரு முறையும், விழுந்தாலும் விழாவிட்டாலும், மெஷினை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து அந்த இரண்டு வரிசைகளையும் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுகிறேன். பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

காது ஓரத்துக்கு இப்போது செய்வது இது: மடலை இடது உள்ளங்கையால் முன்பக்கமாக மடித்து, முழுவதும் கைக்குள் மறைத்துக்கொள்வேன். மெஷினின் பற்கள் காதைப் பார்க்காமல் கழுத்தைப் பார்க்க இருக்கும். காது ஓட்டைக்குள் வளரும் முடிக்கு இந்த மெஷினை நுழைக்கவே கூடாது. அதற்கு மூக்கு, காது முடிக்கென்று உருண்டை மூடி போட்ட சின்ன மெஷின் தனியாக இருக்கிறது. கழுத்தில் அப்பாவுக்கு இரண்டு மச்சமும் ஒரு தொங்கும் மருவும் உண்டு. ஆரம்பிக்கும் முன் விரலால் தடவி இடத்தைத் தெரிந்துகொண்டு, அதைச் சுற்றிக் கத்தரிக்கோலால் முடிப்பேன்.

கிருதாவை இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிறுத்துவதற்குக் காதை நம்பினால் ஏமாறுவோம். பலருக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. எதிரே நின்று இரண்டு ஆள்காட்டி விரலையும் இரண்டு கிருதாவின் அடியிலும் வைத்து, கண்களின் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். அப்பா கண்ணாடி போடுபவர் என்பதால் கண்ணாடியை மாட்டிவிட்டும் ஒருமுறை பார்ப்பேன், எப்போதும் அப்படித்தானே இருக்கப்போகிறார்.

பிடரியில் இயற்கையாக முடி முடியும் இடத்தை விட்டு மேலே ஏறக் கூடாது. தலையைக் குனியவைத்தால் தோல் நீளும், கோடு ஓரிடத்தில் தெரியும். நிமிர்ந்ததும் வேறிடத்துக்கு வந்துவிடும். குனிந்தபோது முக்கால்வாசி எடுத்துவிட்டு, நிமிர்ந்து உட்காரவைத்துத்தான் கடைசி ஓரத்தைப் போடுகிறேன். தம்பிக்குச் சுருட்டை முடி. அவன் பிடரியை ஒட்ட ஒட்ட எடுத்தால், வெட்டிய நுனி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கொப்புளம் கொப்புளமாகிறது. தோல் டாக்டர் அங்கே ஒட்ட வெட்டவே வேண்டாம், கொஞ்சம் முடி விட்டே வெட்டிக்கொள் என்று சொல்லிவிட்டார். அதைச் சொன்னபோது அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஒட்ட எடுத்தால்தான் சுத்தம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஓரம் நேராக இருந்தால் போதும், முடி ஒரு மில்லிமீட்டர் இருந்தாலும் சுத்தமாகத்தான் தெரியும்.

முடி காய்ந்திருக்க வேண்டும். ஈர முடி பற்களில் மடங்கிச் சிக்கி இழுக்கும். குளிக்கும் முன் செய்வது எங்கள் வீட்டு வழக்கம், துணுக்கெல்லாம் குளியலில் போய்விடும். மதுரை வெயிலில் கழுத்து வேர்த்தால் துண்டால் ஒற்றி, துளி பவுடர் தடவுவோம். முகத்தின் பக்கம் பவுடரைத் தட்டவே மாட்டேன், மூச்சில் ஏறும். என் உள்ளங்கையில் கொட்டி, கழுத்தின் பின்பக்கம் மட்டும் தடவுவேன். பேட்டரி இறங்கும்போதும் மெஷின் முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கும். முந்தின இரவே சார்ஜில் போட்டுவிடுவேன்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு தவறு செய்தேன். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்டேன். மார்கழிக் குளிரில் பாட்டிலில் உறைந்தது மாதிரியே தகடுகளுக்கு நடுவிலும் உறைந்து, முடித் தூளோடு சேர்ந்து பிசினாகிவிட்டது. மெஷினோடு வரும் எண்ணெய், அது தீர்ந்தால் தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெய். இரண்டே சொட்டு, பத்து நொடி ஓடவிட்டு, வழிவதைத் துடைத்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் பிரஷ்ஷால் முடியைத் தட்டிவிட்டு, மெடிக்கலில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் பிளேடைத் துடைத்துக் காயவிடுவேன். 99 சதவீதம் வாங்கினால் இன்னும் நல்லது என்று தோன்றும், ஆனால் கிருமியைக் கொல்ல அதில் கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்திருக்க வேண்டும். ஆல்கஹால் எண்ணெயையும் சேர்த்து எடுத்துவிடுவதால் காய்ந்த பிறகு மறுபடி எண்ணெய் விட வேண்டும். தீப்பிடிக்கும் திரவம், சாமி விளக்கு பக்கத்தில் வைத்துச் செய்ய வேண்டாம்.

கல்லூரி விடுதியிலிருந்து வந்த என் மகன் ஒருநாள் தாத்தாவின் மெஷினை எடுத்துத் தாடி ஓரம் போட்டுக்கொண்டான். அவன் கழுத்தில் படர்தாமரை இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. படர்தாமரை, மரு எல்லாம் இப்படித்தான் பிளேடு வழியாக ஆள் மாறும். ரத்தம் பட்ட பிளேடு என்றால் மஞ்சள் காமாலைக் கிருமிகள்கூட வரலாம். புது பிளேடு வாங்கி மாட்டினேன். பழையதைத் தாளில் சுற்றி, டேப் ஒட்டிக் குப்பையில் போட்டேன், குப்பை எடுக்க வரும் அம்மா வெறுங்கையோடு எடுப்பவர். மகனுக்கு அவனுடையதென்று ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தாயிற்று. காயத்தில் தேய்க்கும் படிகாரக் கட்டியும் ஒருவர் தேய்த்ததை இன்னொருவர் தேய்க்கக் கூடாது.

இப்போது சனிக்கிழமை காலை ஏழு மணி எங்கள் நேரம். கிழக்கு ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போடுவேன். பக்கவாட்டிலிருந்து வரும் வெயிலில்தான் வெள்ளை முடி ஒவ்வொன்றும் நிழலோடு தெரியும், தலைக்கு மேல் எரியும் டியூப்லைட்டில் தெரியாது. ரேடியோவில் செய்தி வைப்பேன். அவருக்கு இருமல், காய்ச்சல், சரியான தூக்கம் இல்லை என்றால் அன்று தொடவே மாட்டேன், அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றிவிட்டு, கைக்கண்ணாடியை அவருடைய இடது கையில் கொடுப்பேன். நிதானமாகப் பார்ப்பார். முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவார். போன சனிக்கிழமை கண்ணாடியை மடியில் வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலால் வலது பக்க மீசையின் நுனியைத் தொட்டுக் காட்டி, "கொஞ்சம்" என்றார். வெளிச்சத்தில் மறுபடி பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், இரண்டு முடி கோட்டைத் தாண்டியிருந்தது. சுண்டுவிரலைத் தாடையில் ஊன்றி, தொட்டு எடுத்தேன்.